இருநூற்றுப் பத்தாம் படி

திருத்தணி,
5-1-1946

சிரஞ்சீவி ராஜவேலுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. தணிகை முருகன் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் சுகம், பம்பாயில் உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும். ரேஷன் அரிசி பிடிக்கவில்லை என்று வயிற்றைக் காயப்போடாதே.

உன் நைனாவைப் பற்றித்தான் முக்கியமாக எழுதுகிறேன். அரக்கோணம் ஆபீசில் ஹெட் கிளார்க் இடம் காலியாக இருந்தது உனக்குத் தெரியும். இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று, ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வெள்ளைக்கார துரையின் பங்களாவில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக நிற்காதவனுக்கு அது கிடைக்காது என்று ஆபீசே பேசிக்கொண்டதாம். நைனாவும் மாலைக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் முதல்நாள் ராத்திரி நம் படித் திருவிழா ஆயிற்றே. வருஷத்து நாள் எத்தனையோ மலைப்படியும் அத்தனை, படிக்கு ஒரு கற்பூரம், ஒரு பாட்டு. அந்தந்த நாளின் நல்லது கெட்டதை முன்கூட்டியே முருகன் காலடியில் வைத்துவிடுகிறோம், அதனால் ஒரு படியையும் பாடாமல் தாண்டக் கூடாது. பாதி ஏறிவிட்டு இறங்கி வந்து ரயிலைப் பிடிப்பதாக நைனாவின் ஏற்பாடு.

இருநூற்றுப் பத்தாம் படியில் பஜனைக்கார எல்லப்பனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. முழுப் பாட்டும் தெரிந்த வேறு ஆள் இல்லை. கற்பூரம் எரிகிறது, கூட்டம் திருதிருவென்று விழிக்கிறது. கல்யாணத்தில் நலங்குக்குக்கூட வாயைத் திறக்காத மனுஷன், உன் நைனா, பாடினார். சுருதி ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம்தான், ஆனால் இத்தனை வருஷம் பின்வரிசையில் நின்று கேட்டதில் ஒரு அடி தவறவில்லை. அடுத்த படிக்கும் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ரயிலுக்கு நேரமாயிற்று என்று நான் ஜாடை காட்டினேன். இன்னும் நூத்தம்பது நாளு நின்னுகினு இருக்குது, எப்படி வுட்டுட்டு வர்றது என்றுவிட்டார். விடியும்போது கடைசிப் படியில் இருந்தார். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லையடா.

வேலை, மாலையோடு போய் நின்ற அவர் ஆபீஸ் தணிகாசலத்துக்குப் போயிற்று. பொய் சொல்வானேன், ரெண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. அவரோ தணிகாசலத்துக்குக் கை கொடுத்துவிட்டு வந்து ரசம் சோறு தின்று குறட்டை விடுகிறார். இப்போது கடைத்தெருவில் அவரைக் கண்டால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருக்கிறார்கள்.

நைனா ஹெட் கிளார்க் ஆகிவிட்டார் என்று சிநேகிதர்களிடம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். அதை மாற்றிச் சொல். வெறும் கிளார்க்குதான் என்று சொல். தலையை நிமிர்த்திச் சொல்.

அன்றைய விபூதியை இதில் மடித்து வைத்திருக்கிறேன், குளித்துவிட்டு இட்டுக்கொள். நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
கௌரியம்மாள்