சாப்டியாடா?

தம்பி,

கஞ்சாவை விட நினைப்பவர்களுக்கு எங்கள் மருத்துவமனை தினமும் கைபேசியில் செய்தி அனுப்புகிறது. அதைத் தமிழில் எழுதுவது என் வேலை.

"இன்று பயன்படுத்தினீர்களா?" என்று கேட்டால் யாரும் பதில் போடுவதில்லை. அதனால், "சாப்டியாடா? கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்று மாற்றினேன். "போன்ல கண்ணு எப்படிம்மா தெரியும்?" என்று டாக்டர் சிரித்தார். எனக்குக் கேட்கத் தெரிந்தது அந்த ஒரு விதம்தான்.

போன வாரம் ஒரு பதில் வந்தது: "எங்க அக்காவும் இப்படித்தான் கேப்பா. அப்புறம் ஒருநாள் கதவச் சாத்திட்டா."

எண்ணைப் பார்த்தேன். உன்னுடையது.

அதற்குள் செய்தி அனுப்பும் இயந்திரம் தானாகவே, "சபாஷ், இப்படியே இரு" என்று உனக்கு அனுப்பிவிட்டது. எந்தப் பதில் வந்தாலும் அதுதான் போகும். அந்தச் சபாஷை எழுதியவளும் நான்தான். அதன்பின் நீ எதுவும் அனுப்பவில்லை.

அதனால் தாளில் கேட்கிறேன். சாப்டியாடா?

உன் அக்கா