நாற்பது விநாடியை வெட்டவில்லை

மச்சான்,

இன்று காலை ஹெட்போனை மாட்டியதும் முதலில் கேட்டது உன் செருமல்தான். ஊதத் தொடங்கும் முன் தொண்டையைச் செருமுவாயே, அதே செருமல். கண்டியில் நாம் இருவரும் வாசித்த கச்சேரியை ஒலிப்பதிவு செய்தவர், இசைத்தட்டாக வெளியிடும் முன் கேட்டுச் சொல்லும்படி அனுப்பியிருந்தார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பிலிமத்தலாவையில் உன் ஹாட்வெயார் கடையின் மேல்மாடி ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெயின்ட் டின்களை ஒதுக்கிவிட்டு, நீ சக்ஸபோனும் நான் செலோவுமாக உட்காருவோம். எழுதி வைத்த ஒரு சுரம் கிடையாது, தாளம் கிடையாது. அந்த நேரத்தில் தோன்றுவதுதான் நம்முடைய ஜாஸ். ஒருநாள் பக்கத்துக் கடை முதலாளி அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுதி சேர்த்தது போதுங்க, எப்ப பாட்டு ஆரம்பிப்பீங்க?" என்றார். அதன்பின் நான் வாசித்து முடிக்கும் போதெல்லாம் நீ அதையே கேட்டு என்னைச் சீண்டுவாய்.

நமக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் அவசரப்பட்டு நிரப்பக் கூடாது. "நான் நின்னா நீ தள்ளாத மச்சான். நானா வருவேன்" என்பாய். யாழ்ப்பாணத்துத் தேவாலயத்தில் சுரம் எழுதிய தாளைப் பார்த்தே வாசித்துப் பழகிய எனக்குச் சும்மா இருப்பது லேசில் வரவில்லை. வந்த பிறகு கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்தே வந்தது.

கச்சேரியன்று தகரக் கூரையில் மழை. கேட்க வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. பாதியில் நீ சட்டென்று நிறுத்தினாய். நான் செலோ வில்லைத் தூக்கி, கண்ணை மூடி, சட்டப்படி காத்திருந்தேன். நாற்பது விநாடி. பிறகு ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தோடு நீ வந்தாய். எனக்குப் புல்லரித்துவிட்டது.

முடிந்ததும் பிளேன்டீ குடிக்கையில், "அந்த மௌனத்துக்காகவே இதை வெளியிடலாமடா" என்றேன்.

"மௌனமா? மூச்சு வரல மச்சான்."

"ஓம் ஓம், உனக்கு எல்லாம் பகிடிதான்" என்று முதுகில் தட்டினேன். மூன்றாம் வாரம் உன் இதயம் நின்றுபோனது.

"சேர், நடுவில ஒரு நீட்டு இடைவெளி இருக்கு, வெட்டிடவா?" என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்டிருக்கிறார். வெட்டச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். உனக்கு மூச்சு முட்டியதை மௌனம் என்று நினைத்தது என் பிழை. அதை ஊர் கேட்க வேண்டாமே. ஆனாலும் சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். மழைக்கு அடியில் உன் மூச்சு இழுபடுகிறது. சக்ஸபோனின் விசைகள் அழுந்தும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஊத முயன்றிருக்கிறாய், முடியவில்லை. மறுபடியும் முயன்றிருக்கிறாய். அதற்குப் பிறகுதான் அந்தச் சுரம்.

வெட்ட வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டேன். வெட்கம் என்னோடு இருக்கட்டும். நீ இசைக்காகத் திரும்பி வந்தாய் என்றுதான் இத்தனை நாளும் பெருமைப்பட்டேன். இல்லையடா. ஒரு மடையன் கண்ணை மூடிக்கொண்டு உனக்காகக் காத்திருந்தான். அவனை மேடையில் தனியே விட உனக்கு மனம் வரவில்லை.