முப்பத்திரண்டாம் எண்ணுக்கு மீட்லோஃப்

பிப்ரவரி 3, சனி

தோற்றோம். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணி, ஒரே ஒரு புள்ளியில். கடைசி நிமிடத்தில் என் ரூம்மேட் குவின்டனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ: தள்ளிவிடப்பட்டவன் கோட்டில் நின்று தடையில்லாமல் வீசலாம். இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே. எதிரணிகள் இப்போதெல்லாம் வேண்டுமென்றே அவனைத்தான் தள்ளிவிடுகின்றன. அயோவா மாநிலம் முழுக்கத் தெரிந்துவிட்டது: சட்டை எண் 32ஐத் தள்ளு, கோட்டில் நிற்க வை, மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான்.

நாங்களும் வழக்கப்படியே செய்தோம். எதிரி வீசும்போது ஊளை. நம்ம ஆள் வீசும்போது மாணவர் வரிசை நானூறு பேரும் எழுந்து, கையைத் தூக்கி, விரல்களை விரித்து, சத்தமே இல்லாமல் நிற்க வேண்டும். முகம் முழுக்கப் பச்சைச் சாயம் பூசிய ஹாலி ஸ்வோபோடா முன்னால் நின்று, தும்முகிறவனைக்கூட முறைப்பாள். வரிசையின் தலைவி அவள்தான்.

குவின்டன் ரூமுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டான். "சாப்பிட ஏதாவது?" என்றேன்.

"வாய மூடு, வெஸ்."

சரி.

பிப்ரவரி 5, திங்கள்

கோச் சொல்லிவிட்டாராம். இனி உள்ளூர் ஆட்டங்களில் கடைசி இரண்டு நிமிடம் குவின்டன் பெஞ்சில்.

24ஆம் தேதி இங்கே அவனுக்குக் கடைசி ஆட்டம். நாலு வருஷம் இந்தத் தரையில் ஓடியிருக்கிறான். அவன் அம்மா ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வருகிறார். "நான் தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கறதப் பாக்கவா வராங்க?" என்றான்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஏதாவது பழுதானால் மூடியைத் திறந்து பார்க்க வரும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 7, புதன்

அவன் தனியாகப் பயிற்சி செய்ய, பந்து எடுத்துப் போடப் போனேன். செம பசி. வளையத்துக்கு அடியில் உட்கார்ந்து போனில் மெஸ் மெனுவை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். "மீட்லோஃப், அதே சுட்ட கொத்துக்கறி. மசித்த உருளை. பச்சை பீன்ஸ். மறுபடியும் பச்சை பீன்ஸா? இவங்களுக்கு வேற காயே தெரியாதா?"

இருபதில் பதினெட்டு போட்டான்.

பிறகு போனை வைத்துவிட்டு மரியாதையாகக் கவனித்தேன். இருபதில் பதினொன்று.

அட.

பிப்ரவரி 8, வியாழன்

அவனுடைய இந்த வருஷத்து ஃப்ரீ த்ரோ கணக்கு முழுவதும் எடுத்தேன். வெளியூரில், கூட்டம் காது கிழியக் கத்தும்போது: 39க்கு 29. இங்கே, நாங்கள் அன்போடு வாய்மூடி நிற்கும்போது: 44க்கு 21.

அவனைக் கெடுப்பது எதிரி இல்லை. நாங்கள்.

பிப்ரவரி 9, வெள்ளி

புள்ளியியல் பேராசிரியரிடம் காட்டினேன். எண்ணிக்கை போதாது, தற்செயலாகவும் இருக்கலாம் என்கிறார். இன்னும் ஐந்நூறு வீச்சு வேண்டுமாம். பதினைந்து நாளில் ஐந்நூறுக்கு எங்கே போவேன்?

பிப்ரவரி 12, திங்கள்

ஹாலியிடம் தாளை நீட்டினேன். முழுசாகப் படித்தாள். அதற்கே பாராட்ட வேண்டும்.

"நம்ம ஆளு வீசறப்ப சத்தம் போடணும்னு சொல்ற. உனக்குக் கிறுக்கா?"

"நம்பரப் பாரு."

"பாத்தேன். கத்தறதுக்கு எவன் வேணா வருவான், வெஸ். நானூறு பேர் ஒருத்தனுக்காக மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது வேற எங்க நடக்கும்? அது அவனுக்கு நாங்க குடுக்கற மரியாதை."

"உன் மரியாதைதான் பந்த வெளிய தள்ளுது."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. போய்விட்டாள். நான் சொன்னது சரிதானே? சரிதான். அப்புறம் ஏன் மத்தியானம் முழுக்க ஒரு வரிகூடப் படிக்க ஓடவில்லை?

பிப்ரவரி 14, புதன்

ஜெயித்தோம். கடைசி இரண்டு நிமிடம் அவன் தோளில் துண்டு.

பிப்ரவரி 18, ஞாயிறு

இத்தனை நாளாக அவனையே கேட்கவில்லை என்று இன்றைக்குத்தான் உறைத்தது. முட்டாள்.

"கோட்டுல நிக்கறப்ப என்ன கேக்குது உனக்கு?"

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "எல்லாமே. என் மூச்சு. ஷூ கிறீச்சிடறது. நாலாவது வரிசைல எவனோ எச்சில் முழுங்கறான், அதுகூட. எல்லாரும் நான் போட்டுடணும்னு வேண்டிக்கறது கேக்குதுடா."

பிப்ரவரி 20, செவ்வாய்

ஹாலியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். மோசமாகத்தான் கேட்டேன். "நான் சொன்னது சரி, சொன்ன விதம் தப்பு" என்றேன்.

"இதுக்குப் பேரு மன்னிப்பாடா?" என்று சிரித்தாள்.

இந்த முறை நம்பர் எதுவும் காட்டவில்லை. எச்சில் முழுங்குகிறவனைப் பற்றி மட்டும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

சனிக்கிழமை மெனுவை நானூறு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். கத்த வேண்டாம், பக்கத்து ஆளிடம் பேசுகிற குரலில் படித்தால் போதும். ஒரு பிரதியை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்தாள். "எல்லார்கிட்டயும் குடு. ஆனா நான் சொன்னாத்தான்" என்றாள்.

பிப்ரவரி 24, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு நிமிடம் பத்து நொடி பாக்கி. ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். கோச் மாற்று ஆளை எழுப்பிவிட்டார், அவன் ஸ்கோர் மேசைக்கு முன்னால் மண்டியிட்டுக் காத்திருக்கிறான். அதற்குள் குவின்டனைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு வீச்சு, அது முடியும்வரை அவனை மாற்ற முடியாது.

ஹாலி கையைத் தூக்கினாள். நானூறு கை. மௌனம். முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு அவனிடமே திரும்பி வந்தது.

மூன்றாவது வரிசையில் அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

ஹாலி தூக்கிய கையை இறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பச்சைச் சாயம் கன்னத்தில் வழிந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்தாள்.

"படி."

"மீட்லோஃப்" என்றேன். குரல் உடைந்து கோழி மாதிரி வந்தது. எவனோ சிரித்தான். "மசித்த உருளை," ஹாலி. அப்புறம் நானூறு பேரும், ஏதோ சாப்பாட்டு வரிசையில் நிற்கிற மாதிரி: பச்சை பீன்ஸ், சோள ரொட்டி, ஆப்பிள் பை, ஒருத்தருக்கு ஒரு துண்டு மட்டும்.

குவின்டன் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறான்! பந்தை இரண்டு தட்டுத் தட்டி, வீசினான்.

வலைதான் அசைந்தது.

கோச் எங்களைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மண்டியிட்டிருந்தவனைக் கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தார்.

அதற்கப்புறம் அவனுக்கு ஐந்து வீச்சு, ஐந்துக்கும் மெனு. நாலு விழுந்தது. ஜெயித்தோமா? ஜெயித்தோம், இரண்டு புள்ளியில். மணி அடித்தபோது அவன் தரையில் இருந்தான், துண்டு பெஞ்சில் இருந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

பேராசிரியர் சொன்னது நினைவுக்கு வருகிறது. ஆறு வீச்சு ஒன்றையும் நிரூபிக்காது. தெரியும்.

பிப்ரவரி 29, வியாழன்

அணி லீக் போட்டிக்குப் பஸ்ஸில் கிளம்பிவிட்டது. ரூமில் அவன் சாக்ஸ் நாற்றம் மட்டும் இருக்கிறது. சாயங்காலம் குவின்டனிடமிருந்து செய்தி:

"நாளைக்கு வெளியூர். அங்க எல்லாரும் கத்துவாங்க, எனக்குப் பிரச்சனையே இல்ல. ஆனாலும் மெனு அனுப்பு."