அந்த நோயாளி நீங்கள்தான்

அத்தான்,

நல்ல உறக்கத்தில் இருந்தீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. கழக்கூட்டம் ஜங்ஷனில் நெரிசல் தொடங்கும் முன்னால் பஸ் பிடிக்க வேண்டும். உதவித்தொகைக்காக அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் காட்டப் போகிறேன்.

இட்லி ஹாட் பாக்ஸில் இருக்கிறது. ராத்திரி கோபத்தில் பட்டினி கிடந்ததால் இன்றைக்கு இட்லிக்குக் கணக்கு கிடையாது. கேஸ் வந்தால் காலி சிலிண்டர் பால்கனியில்.

"ஊரெல்லாம் என் சுகரைச் சொல்லியா ஸ்காலர்ஷிப் வாங்கினே?" என்று கத்தினீர்கள். ஊரெல்லாம் இல்லை, நேர்முகத்தில் இருந்த மூன்று பேரிடம்தான். பத்தியம் கேட்காத நோயாளியை என்ன செய்வாய் என்று கேட்டார்கள். படித்ததெல்லாம் மறந்து, நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். நான் திட்டத் திட்ட நீங்கள் ஏத்தங்காய் சிப்ஸை ஒளித்துத் தின்றதையும், திட்டுவதை விட்டுச் சாயங்காலம் உங்களோடு நடக்க வந்ததும் அந்தத் திருட்டுத் தீனி தானாகக் குறைந்ததையும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, "ஒரு நோயாளி" என்றுதான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆபீசுக்குக் கிளம்பும்போது சாவியை எதிர் ஃபிளாட் பாகீரதி மாமியிடம் கொடுங்கள்.

வேணி

பி.கு.: மீதியைக் கேட்காமலே போய்ப் படுத்துவிட்டீர்கள். இந்த வயதில் டயட்டெடிக்ஸ் எம்.எஸ்ஸி. படிக்க யார் தூண்டியது என்றும் கேட்டார்கள். "அதே நோயாளிதான். என் வீட்டுக்காரர்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மூவரில் நடுவில் இருந்த மலையாளி அம்மா மட்டும், "நான் ரொம்ப விசாரிச்சதா அவர்கிட்ட சொல்லணும், கேட்டோ?" என்றார்.

சொல்லிவிட்டேன்.