துக்க வீட்டு அட்மிஷன்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

உங்கள் மூத்தவள்தான் எழுதுகிறேன். உங்கள் மேல் இருந்த பிரியம் குறையவில்லை, கோபமும் குறையவில்லை. திட்டிக்கொண்டேதான் எழுத வருகிறது.

செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனிப் பட்டம் வந்திருக்கிறது என்று யாரோ சொன்னதும், "எம்மக ஏஐ இன்ஜினியரு" என்று திருமயம் பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லித் திரிந்தீர்கள். நான் அப்போது பிளஸ் டூ பரீட்சையே முடிக்கவில்லை. கணக்குப் படிக்கிறேன் என்றேன். அதெல்லாம் எந்தக் காலத்துப் படிப்பு என்று சிரித்தீர்கள். கடைசியில் நீங்கள் சொன்னதிலேயே சேர்ந்தேன்.

முதல் வருடம் சொல்லிக்கொடுத்த மென்பொருளை நான்காம் வருடம் ஒருவரும் தொடவில்லை. பாடம் நடத்தியவர்களே முந்தின நாள் யூடியூப் பார்த்துவிட்டு வந்தார்கள், பாவம். இன்டர்வியூவில் பட்டத்தின் பெயரை யாரும் கேட்கவில்லை. நிகழ்தகவில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள், திருதிருவென்று விழித்தேன். சில மாதத்தில் பழகிக்கொள்ளக்கூடியதை நான்கு வருடம் இழுத்து, உட்கார்ந்து படிக்க வேண்டிய அடிப்படையை விட்டுவிட்டார்கள். புதிதாக வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டம் கொடுத்தால், அதுவும் செல்போன் மாடல் மாதிரி பழசாகாமல் என்ன செய்யும்? இப்போது பாத்திரக் கடையில் பில் போடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தங்கச்சி அபியிடம், நீயும் அக்கா படித்ததையே படி என்றீர்கள். பக்கத்தில் நின்ற என் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லையா? அபிக்கும் கணக்கென்றால் உயிர். ஆனால் அம்மா உங்கள் சொல்லையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். நான் போட்ட சண்டைக்கு அசையவே இல்லை.

நீங்கள் போன மூன்றாம் நாள், என் காலேஜில் அட்மிஷன் பார்க்கிறவர் துக்கம் விசாரிக்க வந்தார். உங்கள் படத்துக்கு மாலை போட்ட கையோடு அபியின் மார்க்கைக் கேட்டார். அம்மா சர்டிபிகேட்டையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, நம் ஊரில் குழந்தைகூடச் சொல்லாததைச் சொன்னார்.

"அப்ப போயிட்டு வாரேங்கம்மா. அடுத்த வாரம் திரும்பவும் வாரேன்."

துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுதானே வழக்கம்? வருகிறேன் என்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்களே. அம்மா வாசலுக்கே ஓடினாள். சர்டிபிகேட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அந்தக் காலேஜ் வாசலை இனி அபி மிதிக்கக் கூடாது என்றாள்.

அவர் போனதும் கேட்டேன். "ஏம்மா, அங்க படிச்சுட்டு நான் பில் போடுறேனே, அது ஒனக்குத் தெரியலையா?"

"அது ஒந்தலையெழுத்து" என்றாள்.

அபி புதுக்கோட்டையில் கணக்குப் படிக்கச் சேர்ந்துவிட்டாள். சந்தோஷம்தான். ஆனால் ஒரு அபசகுனத்துக்கு இருந்த மதிப்பு என் நான்கு வருடத்துக்கு இல்லையே அப்பா, வயிறு எரிகிறது.

அவள் நன்றாக வந்தால் எல்லாம் உங்கள் ஆசீர்வாதம் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். ஒவ்வொரு திதிக்கும் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்துவிட்டு, உங்கள் பேச்சைக் கேட்காததால்தான் அவள் பிழைத்தாள் என்று நான் உங்களிடம் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் பேச்சைக் கேட்ட மகள்