பாதிப் பூசணிக்காய்

சமயநல்லூர்
தை 2, 1937

என் வயிற்றில் பிறந்தவளுக்கு,

கொட்டாம்பட்டியில் சித்தி வீட்டில் பொங்கல் வைத்தீர்களா? இங்கே நேற்று நானும் பலகாய்க் கூட்டு வைத்தேன். அவரை, மொச்சை, வள்ளிக்கிழங்கு எல்லாம் தயார். பூசணிக்காய் மட்டும் முழுசாகக் கிடந்தது. முழுப் பூசணியை ஆம்பளைதான் முதலில் பிளக்க வேண்டும். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் அதற்கு ஆள் ஏது?

அந்த நேரம் பார்த்து உன்னைத் தேடி உன் புருஷன் வந்தான். சாராய வாடை. நான்தான் அரிவாளை எடுத்துக் கொடுத்தேன். ஒரே வெட்டு.

"அவள எங்க ஒளிச்சு வச்சிருக்கீக? கண்ணுல பட்டா அவ மண்டையும் இப்படித்தான், அத்தே" என்று சிரித்தான்.

ஒரு பாதியை நறுக்கிக் கூட்டில் போட்டுக் கொதிக்கவிட்டேன். இலை போட்டேன்.

"சுடச்சுட ஊத்துங்க" என்று இரண்டு கையையும் இலையோரம் வைத்து உட்கார்ந்தான். உன் முன்பல்லை உடைத்த கை எதுவென்று எனக்குத் தெரியாது. அதனால் இரண்டின் மேலும் சட்டியோடு கவிழ்த்தேன். தோல் உரிந்து இலையில் ஒட்டிக்கொண்டது. அலறல் ரயிலடி வரைக்கும் கேட்டதாம்.

ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இனி அந்தக் கைகள் எதையும் பிடிக்காதாம். ஏட்டையா வாசலில் நிற்கிறார். எழுதி முடிக்கட்டும் என்று பொறுத்திருக்கிறார்.

நீ வீட்டுக்கு வா. மிச்சப் பாதிப் பூசணி உறியில் இருக்கிறது. அதை நறுக்க ஆம்பளை தேவையில்லை.

இப்படிக்கு,
உன்னை இரண்டு தடவை அவனிடமே திருப்பி அனுப்பியவள்