சட்டை முதுகில் ஒரு பட்டை

இஸ்திரிக் கடைக்காரன் இன்று காலை என் வெள்ளைச் சட்டையை உள்பக்கம் திருப்பிக் காட்டினான். "அண்ணே, முதுகுல இந்தப் பட்டை எதுக்கு? தேய்க்கையில பெட்டி தட்டுது. பிரிச்சு விட்டுரவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவன் புதிய ஆள். அந்தப் பட்டையைத் தைத்தவன் நீ என்பதோ, எதற்காகத் தைத்தாய் என்பதோ அவனுக்கு எப்படித் தெரியும்?

செத்தவருக்கு எழுதினால் யார் படிப்பார்கள் என்று என் மகள் கேட்கிறாள். தல்லாகுளத்து மரத்தடியில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதியே வயதானவன் நான். அவற்றில் பாதியை எவரும் படித்ததில்லை. அதற்காக எழுதாமல் இருந்தேனா?

நாம் சந்தித்ததும் அங்கேதான். அன்று ஊனமுற்றோர் முகாம் என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய். மடியில் உன் விண்ணப்பம். மைக்கில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால் உன் விண்ணப்பத்தில் அதே பெயர். தோளைத் தட்டி மேசையைக் காட்டினேன். நீ ஓடினாய். முறை போய்விட்டது, அடுத்த முகாமுக்கு வரட்டும் என்றார் மேசையில் இருந்தவர்.

எனக்குத் தாங்கவில்லை. கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு போய், "காது கேக்காதவன மைக்ல கூப்பிடுறீகளே, கால் விளங்காத எங்கள மாடிக்கா கூப்பிடுவீக?" என்றேன்.

அவர் நிமிரக்கூட இல்லை. "ஆமண்ணே, போட்டோ மாடியிலதான் எடுக்குறாக" என்றார்.

என்ன சொன்னார் என்று உன் முகம் கேட்டது. எனக்குத் தெரிந்த சைகையில் சொன்னேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பில்தான் நான் கைமொழி படிக்க ஆரம்பித்தேன். மனு எழுத நான் படித்தது மரத்தடியில்; பள்ளிக்கூடம் எனக்கு எழுத்தையும் தரவில்லை, கைமொழியையும் தரவில்லை. உங்கள் ஆட்களோடு உட்கார்ந்து உட்கார்ந்தே இரண்டாவது வாய் ஒன்று எனக்கு முளைத்தது.

பிறகு கோச்சடையில் உன் தையல் கடைக்கு எதிரே இருந்த மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைக் கேட்டு வாங்கினாய். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நம்முடையது. ஓட்டுப் பெட்டியில் எப்படி அமுக்குவது, பேங்கில் கைநாட்டு வைப்பதற்கு முன் என்ன கேட்பது, சர்க்கரை வந்தால் எதைத் தின்பது என்று விவரம் தெரிந்த ஒருவரை நீ கூட்டி வருவாய். அவர் பேசுவார், நான் கையால் சொல்வேன். அப்புறம் கேரம், புளியோதரை, கல்யாணப் பேச்சு. ஓசையே இல்லாத அந்தக் கூடத்தில் நடந்த சண்டைகள் போல வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. நின்றால் என் இரண்டு கையும் கட்டையில். கையால் பேச வேண்டுமென்றால் கட்டையை விட வேண்டும். விட்டால் விழுவேன். உட்கார்ந்து பேசினால் பின்வரிசைக்குத் தெரியாது. அடுத்த முறை எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொண்டுவந்தாய். முதுகில் உள்பக்கம் கித்தான் துணியில் பட்டை. என் பின்னால் நின்று, கையை உள்ளே விட்டு, அதை இறுகப் பிடித்தாய். நான் கட்டைகளைப் போட்டுவிட்டு நின்றேன். அப்புறம் நீ தைத்த சட்டையெல்லாம் அப்படித்தான்.

பேசுபவர் சொல்லாததையும் என் கோபத்தில் நான் சேர்த்துச் சொல்வேன். என் முதுகுக்குப் பின்னால் நின்ற உனக்கு என் கை தெரியாது. ஆனால் எதிரே இருப்பவர்களின் முகம் தெரியும். அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். பட்டையை ஒரு இழு இழுப்பாய். கூட்டம் முடிந்ததும் முன்னால் வந்து கையால் சொல்வாய்: "சொன்னதை மட்டும் சொல். உன் கோபத்தை வீட்டில் வை." வைத்ததே இல்லை, மாப்ள.

மார்கழிக் குளிரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். அடுத்து வந்த இரண்டாம் ஞாயிறு உனக்கான கூட்டமாயிற்று. அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாண்டியம்மா முதல் ஆளாக வந்திருந்தாள். அவள் வீட்டில் ஒருவருக்கும் கைமொழி தெரியாது. மாதம் முழுக்கச் சேர்த்து வைத்ததைப் பேச அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான் என்பது உனக்குத் தெரியும்.

மண்டப மேனேஜர் மைக்கைப் பிடித்தார். ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்றார். காது கேளாதவனுக்கு மௌனத்தால் அஞ்சலி. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நான் சுவரில் சாய்ந்துகொண்டு கையால் சொன்னேன். எல்லோரும் எழுந்து, தலையைக் குனிந்து, கண்களை மூடிக்கொண்டார்கள்.

நிமிடம் முடிந்தது. உட்காரலாம் என்றார் மேனேஜர். ஒருவரும் உட்காரவில்லை. கண் மூடியிருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர் அதைக் கவனிக்காமல் அதே மைக்கில் தொடர்ந்தார். "அப்புறம் ஒரு விசயம். டெய்லரண்ணே முகத்துக்காகத்தான் இம்புட்டு நாளு விட்டோம். ஹாலுக்கு ஏசி போடப் போறோம். அடுத்த மாசத்துல இருந்து கூட்டம் வேணாம். தப்பா எடுத்துக்காதீக."

அந்தக் கூடத்தில் அதைக் கேட்ட காதுகள் என்னுடையவை மட்டும்தான்.

அவர் என்னிடம் வந்து, "ஒரு நிமிசம்னுதானண்ணே சொன்னேன், இன்னும் நிக்கிறாகளே?" என்றார். நான் அவர்களைக் கண் திறக்க வைக்கவில்லை. அவர்கள் கண்ணை மூடியிருக்கும் வரைக்கும் கூட்டம் இருந்தது. பாண்டியம்மா கைகளை நெஞ்சில் சேர்த்து, ஆடாமல் நின்றாள்.

கடைசியில் சுவரோடு நகர்ந்துபோய் விளக்கை அணைத்துப் போட்டேன். நீ கூப்பிடும் விதம் அதுதானே. மூடிய இமைக்குள்ளும் அது தெரிந்திருக்கிறது. எல்லா முகமும் சுவிட்சுப் பலகைப் பக்கம் திரும்பியது. அங்கே உன்னைத் தேடி, என்னைக் கண்டது.

கட்டைகளை விட்டேன். முதுகில் கை இல்லை. இரண்டு சொல் சொல்வதற்குள் கால் மடங்கித் தரையில் விழுந்தேன். தூக்க ஓடி வந்தவர்களைத் தடுத்து, விழுந்த இடத்திலிருந்தே சொன்னேன். மேனேஜர் சொன்னதை மட்டும் சொன்னேன். ஏசியைச் சொன்னேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றதையும் சொன்னேன். ஒன்றும் சேர்க்கவில்லை. இழுக்க நீ இல்லாத நாளில்தான் உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

பாண்டியம்மா எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து உள்ளங்கையைத் திருப்பினாள். அடுத்த மாதம் எங்கே? அவள் மறுபடியும் கேட்டாள். என் கையில் பதில் இல்லை.

அதற்குப் பின் இடம் கேட்டு அலையாத தெரு இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டேன், சங்கங்களில் கேட்டேன். ஃபோனிலேயே முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாமே என்று புத்தி சொல்கிறார்கள். ஃபோன் வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பாண்டியம்மாவிடம் ஃபோன் இல்லை. எழுத்தும் தெரியாது. இடம் இல்லை என்பதைக்கூட அவளுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. நான் வேறு இடம் சொல்லாததால், கூட்டம் இல்லை என்று தெரிந்தும் அவள் பழைய இடத்துக்குத்தான் பஸ் ஏறுவாள்.

நாளை இரண்டாம் ஞாயிறு. கேட் பூட்டியிருக்கும். வேறு யாராவது வருவார்களா என்று தெரியாது. அவள் வந்து அந்தப் பூட்டைப் பார்க்கிறபோது பேசுவதற்கு எதிரே இரண்டு கையாவது இருக்க வேண்டும். தெருவில் சாய்ந்துகொள்ள உன் கடையின் இறக்கிய ஷட்டர் இருக்கிறது. சாய முடியாவிட்டால் தரை இருக்கிறது.

வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். பிடிக்க ஆளில்லை என்பதற்காகப் பட்டையைப் பிரிக்க மாட்டேன்.